மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிக்கு அறிவியல் பெயரும் வகைப்பாடும் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிப்பி ஒன்றைக் கையில் கொடுத்து அறிவியல் பெயர் எழுதச் சொன்னால், புதிதாக வருபவர்கள் முதலில் இணையத்தைத் திறக்கிறார்கள். படம் ஒத்துப்போகும் ஒரு பெயர் கிடைத்ததும், அந்தப் பெயருக்கு ஏற்றபடி சிப்பியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். வேலை கெடுவது அங்கேதான்.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கையில் இருக்கும் உயிரினம் எது? அதற்கு விதிப்படி உரிய பெயர் எது? வகைப்பாட்டில் அதை எங்கே வைப்பது? முதல் கேள்விக்குச் சிப்பி பதில் சொல்லும், இரண்டாவதற்கு விலங்கியல் பெயரிடல் சட்டநூல் பதில் சொல்லும், மூன்றாவதற்கு ஆய்வாளர்களின் கருத்து பதில் சொல்லும். இந்த வரிசை மாறினால், சரியான தகவல்களை வைத்துக்கொண்டே தவறான முடிவுக்கு வரலாம். எடுத்துக்காட்டாக மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்கிறேன். பெயர்ச் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு சிப்பியில் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஓடுகளும் சேர்ந்த மாதிரி வேண்டும். கரையில் ஒதுங்கிய ஒற்றை ஓட்டை வைத்துக் குடும்பம் வரை போகலாம். அதற்குமேல் போவது பெரும்பாலும் ஊகம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், மென்மையான தூரிகை, பென்சில், தடித்த தாள் லேபிள் ஆகியவையும் தேவை. பேனா மை எரிசாராயத்தில் கரைந்துவிடும் என்பதால்தான் பென்சில்.

இணையத்தில் இரண்டு இடங்கள் போதும். இன்றைய நிலையைப் பார்க்க மொலஸ்காபேஸ் தரவுத்தளம். உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேடான வோர்ம்ஸிலும் இதே தகவல்தான் இருக்கும். பழைய நூல்களின் பக்கங்களைப் பார்க்கப் பல்லுயிர் மரபு நூலகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. அனுமதிக் கடிதம் பெற்ற பிறகே அங்கே மாதிரி சேகரிக்கப் போகவும்.

2. கழுவுவதற்கு முன்னால் குறித்துக்கொள்ளுங்கள்

இடம், தேதி, ஆழம், எதன்மேல் ஒட்டியிருந்தது, எடுத்தவர் யார் என்ற ஐந்தும் லேபிளில் இருக்க வேண்டும். "தூத்துக்குடி" என்று மட்டும் எழுதினால் அது மீன்பிடித் துறைமுகமா, ஏலக்கூடமா, கடலா என்று பிறகு யாருக்கும் தெரியாது. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டைப் பார் என்பார்கள்; முத்துக்குளிப்பவர்கள் பாருக்குப் பார் பெயர் வைத்திருக்கிறார்கள். தொளாயிரம் பார் என்றால் தொளாயிரம் பார் என்றே எழுதுங்கள், பக்கத்தில் ஆள்கூறும் இருக்கட்டும்.

நிறத்தையும் ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துவிட வேண்டும். முத்துச்சிப்பியின் வெளி ஓட்டில் இருக்கும் ஆரக்கோடுகளும் செதில் போன்ற விளிம்புகளும் உலர்ந்தால் மங்கும், தேய்த்தால் உடையும். இந்தச் செதில்களைப் பாசி என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, "வழுவழுப்பான ஓடு" என்று குறிப்பெழுதுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மரபணுச் சோதனைக்கு வாய்ப்பு இருக்கிறது என்றால், மூடுதசையில் சிறு துண்டை வெட்டி 95 சதவீத எரிசாராயத்தில் போட்டு வையுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். தசையையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இருவோட்டு உயிரினங்கள் சிலவற்றில் தந்தைவழி மைட்டோகாண்ட்ரியாவும் ஆண் உயிரிகளுக்குக் கடத்தப்படுகிறது. இனப்பெருக்க உறுப்பிலிருந்து திசு எடுத்தால் இரண்டும் கலந்து வந்து குழப்பும்.

3. ஓட்டின் உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வெளித்தோற்றம் ஏமாற்றும். நெருக்கமாக வளர்ந்த சிப்பி கோணலாகும், கிழட்டுச் சிப்பியின் முகடு தேயும், குஞ்சுச் சிப்பி வேறு சிற்றினம் போலத் தெரியும். இரு ஓடுகளும் இணையும் கீலும், தசை ஒட்டியிருந்த இடமான தசைத் தழும்பும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே உள்பக்கம் முதலில்.

முதலில் இடம், வலம் தீர்மானிக்க வேண்டும். கீல் மேலே இருக்கட்டும். முன்பக்கம் உங்களை விட்டு விலகி நேரே நோக்கட்டும். அப்போது உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது இடது ஓடு. முன்பக்கம் எது என்று கண்டுபிடிக்க, முத்துச்சிப்பியில் எளிய வழி உண்டு: சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ளும் ஒட்டுநூல் வெளியே வரும் பிளவு, முன்காதின் (கீலின் முன்முனையில் காது போல நீளும் பகுதி) அடியில் இருக்கும். இதைச் செய்யாமல் "ஒரு ஓடு குழிவு அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. இந்தச் சிப்பியில் இடது ஓடுதான் கூடுதல் குழிவானது என்று எழுதினால்தான் அது அடையாளம்.

அடுத்து மூடுதசைத் தழும்புகளை எண்ணுங்கள். மட்டியில் ஏறக்குறைய ஒத்த அளவில் இரண்டு இருக்கும். வளர்ந்த முத்துச்சிப்பியில் பெரிய ஒற்றைத் தழும்பு ஓட்டின் நடுப்பக்கமாக இருக்கும். இந்த ஒரு அடையாளமே தேடலைப் பாதிக்கு மேல் சுருக்கிவிடும்.

பிறகு கீல். அது நேர்க்கோடாக இருக்கிறதா, இரு முனைகளிலும் காது போன்ற நீட்சி இருக்கிறதா என்று பாருங்கள். பின்காது வால் போல நீண்டு, ஓடு பறவையின் சிறகுபோல் தெரிந்தால் அது டெரியா பேரினத்தின் பக்கம். காதுகள் குட்டையாகவும் ஓடு ஏறக்குறைய வட்டமாகவும் இருந்தால் பிங்க்டாடா.

பேரினம் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடாமல் லென்ஸை எடுங்கள். கீல்கோட்டின் இரு முனைகளிலும் சின்னதாக ஒரு புடைப்பு தெரிகிறதா? அது கீல்பல். நம் முத்துச்சிப்பியான பிங்க்டாடா ஃபுகாட்டாவில் இந்தப் பற்கள் உண்டு. கருவிளிம்பு முத்துச்சிப்பியான பிங்க்டாடா மார்கரிட்டிஃபெராவில் கிடையாது. நல்ல வெளிச்சத்தில் ஓட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் பல்லின் நிழல் விழும். நேராகப் பார்த்தால் கீலோடு கலந்து மறைந்துவிடும். உள்பூச்சின் நிறம் இதற்குத் துணைச் சான்று: ஃபுகாட்டாவில் பொன்மஞ்சள் கலந்த உலோகப் பளபளப்பு, மார்கரிட்டிஃபெராவில் வெள்ளியொளியும் விளிம்பை நெருங்கும்போது கருமையும்.

இந்தியக் கடல்களில் பிங்க்டாடா செம்னிட்சியை, பிங்க்டாடா சுகில்லாட்டா முதலிய சிற்றினங்களும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே பல் இருப்பதைப் பார்த்தவுடன் ஃபுகாட்டா என்று முடிவு கட்டக் கூடாது. காதுகளின் வளர்ச்சி, ஓட்டின் குழிவு, நிறப்பட்டைகள் ஆகிய மூன்றையும், சிற்றினங்களைப் பிரித்தறிய உதவும் அடையாளத் திறவுகோலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பொருந்தாத அடையாளத்தையும் குறித்து வையுங்கள். பொருந்தியதை மட்டும் எழுதும் பழக்கம் புதியவர்களிடம் நிறையவே இருக்கிறது.

4. ஊர்ப்பெயரைக் குறியுங்கள், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்

முத்துச்சிப்பி என்ற சொல் கரைக்குக் கரை வேறு உயிரினத்தைக் குறிக்கலாம். திருகோணமலை அருகே தம்பலகாமம் குடாவில் முத்து எடுக்கப்பட்டது பிளாக்குனா பிளாசென்டா என்ற சிப்பியிலிருந்து. தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடு கொண்ட அது குடும்ப அளவிலேயே வேறானது. ஊர்ப்பெயர், கேட்ட இடம், சொன்னவரின் தொழில் ஆகியவை குறிப்பேட்டில் இருக்கட்டும். அடையாளத்துக்கான சான்றாக அதை வைக்க வேண்டாம்.

5. அந்தச் சிற்றினம் முதன்முதலில் எந்தப் பெயரில் வந்தது என்று பாருங்கள்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். தரவுத்தளத்தில் "மூலப் பெயர்" என்ற வரியைத் தேடுங்கள். பிங்க்டாடா ஃபுகாட்டாவுக்கு அங்கே அவிகுலா ஃபுகாட்டா என்று இருக்கும். அமெரிக்கரான அகஸ்டஸ் கூல்ட் 1850-இல் வைத்த பெயர் அது.

கூல்ட் வைத்த பேரினம் அவிகுலா. இன்று அது பிங்க்டாடாவில் இருக்கிறது. பேரினம் மாறிவிட்டதால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும்: பிங்க்டாடா ஃபுகாட்டா (கூல்ட், 1850). பேரினம் மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது: பிங்க்டாடா இம்ப்ரிகாட்டா ரோடிங், 1798. ரோடிங் அதைப் பிங்க்டாடா என்ற பேரினத்திலேயே விவரித்தார்.

அடைப்புக்குறி அழகுக்காகப் போடப்படுவதில்லை. "இந்தச் சிற்றினம் வேறொரு பேரினத்தில் பிறந்தது, பழைய நூலில் தேடும்போது அந்தப் பெயரில் தேடு" என்று அது படிப்பவருக்குச் சொல்கிறது. தன் விருப்பப்படி போடுவதும் எடுப்பதும் தகவல் பிழை.

முடிந்தால் மூல விவரிப்பைப் பல்லுயிர் மரபு நூலகத்தில் திறந்து பாருங்கள். அக்காலத்து விவரிப்புகள் பல லத்தீனில், சில வரிகளில் முடிந்துவிடும். அதைப் படித்துப் பார்த்தால்தான், மூல மாதிரி ஏன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது என்பது விளங்கும். பெயரைத் தாங்கி நிற்பது அந்த மாதிரிதான். விவரிப்பு போதாதபோது அதைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

6. ஒத்தபெயர்ப் பட்டியலைத் தேதி வரிசையில் எழுதுங்கள்

ஒரே சிற்றினத்துக்கு வைக்கப்பட்ட வெவ்வேறு பெயர்களே ஒத்தபெயர்கள். பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நேரம் அதிகம் பிடிப்பதும் இதுதான்.

ஒரு தாளில் பெயர், ஆசிரியர், ஆண்டு, மூல இடம் (மூல மாதிரி கிடைத்த இடம்) என்று நான்கு கட்டம் போடுங்கள். முத்துச்சிப்பிக் குழுவுக்கு முக்கியமானவை இவை: இம்ப்ரிகாட்டா (ரோடிங், 1798), ராடியாட்டா (லீச், 1814), வல்காரிஸ் (ஷூமாக்கர், 1817), ஃபுகாட்டா (கூல்ட், 1850). விலங்கியல் பெயரிடல் சட்டத்தின் அடிப்படை விதி முன்னுரிமை. இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 10-ஆம் பதிப்பு வந்த 1758-இலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஒரே சிற்றினத்துக்குப் பல பெயர் இருந்தால் மூத்த பெயர் நிற்கும்.

அப்படியென்றால் மேலே உள்ளவற்றில் இம்ப்ரிகாட்டாதானே வெல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். இவை எல்லாம் ஒரே சிற்றினம் என்று நீங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது வெல்லும். அட்லாண்டிக் சிப்பி இம்ப்ரிகாட்டா, இந்தோ-பசிபிக் சிப்பி ஃபுகாட்டா என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டு பெயரும் நிற்கும். ஒரே சிற்றினத்தின் கிளைகள் என்று கொள்பவர்கள் பிங்க்டாடா இம்ப்ரிகாட்டா ஃபுகாட்டா என்று மூன்று சொல்லில் எழுதுவார்கள். விதி ஒன்றுதான், உயிரியல் கருத்துதான் வேறு. ஆகவே ஒரே முத்துச்சிப்பியைப் பற்றிய இரண்டு கட்டுரைகளில் இரண்டு பெயர் இருந்தால், ஒருவர் தவறு செய்திருக்கிறார் என்று உடனே முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு கண்ணி. இலங்கையின் முத்துப்பார்களைப் பற்றி பிரித்தானிய விலங்கியலாளர் ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட அறிக்கைகளில் இதே சிப்பி மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்று இருக்கிறது. இன்று மார்கரிட்டிஃபெரா என்ற பேரினப் பெயர் நன்னீர்ச் சிப்பிகளுக்கு உரியது. குடும்பம் வேறு, வரிசையும் வேறு. பழைய அறிக்கையிலிருந்து பேரினத்தை அப்படியே எடுத்துத் தரவுத்தளத்தில் தேடினால் ஐரோப்பிய ஆற்றில் போய் நிற்பீர்கள். போதாக்குறைக்கு, மார்கரிட்டிஃபெரா என்பது கருவிளிம்பு முத்துச்சிப்பியின் சிற்றினப் பெயராகவும் இருக்கிறது. முதற்சொல்லா, இரண்டாம் சொல்லா என்று பார்த்த பிறகே தேடுங்கள்.

வல்காரிஸ் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஷூமாக்கர் வைத்த பெயர் அவர் பார்த்த மாதிரிக்கு உரியது. ஹெர்ட்மன் அதை இலங்கைச் சிப்பிக்குப் பயன்படுத்தினார் என்பது வேறு செய்தி. முதலாவது பெயர், இரண்டாவது பயன்பாடு. "ஹெர்ட்மன் பயன்படுத்திய பொருளில்" என்று தனி வரியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், பின்னால் வருபவர் பரவல் வரைபடமே தவறாகப் போடுவார்.

மூத்த பெயர் எங்கிருந்தோ தோண்டி எடுக்கப்பட்டால், பழக்கத்தில் உள்ள பெயர் உடனே போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். 1899-க்குப் பிறகு செல்லத்தக்கதாக யாருமே பயன்படுத்தாத மூத்த பெயரை ஒதுக்கிவைக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. இளைய பெயர் முந்தைய 50 ஆண்டுகளில், குறைந்தது 10 ஆசிரியர்களால், 25 படைப்புகளில், 10 ஆண்டுக்குக் குறையாத கால இடைவெளியில் பயன்பட்டிருக்க வேண்டும். இரண்டு நிபந்தனையும் நிறைவேற வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

நம் பக்கத்துக் கடலிலிருந்து இரண்டு ஒத்தபெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள், அடிக்கடி தடுக்குபவை அவை. தென்மேற்குக் கரையின் பழுப்புச் சிப்பிக்கு குரியாக்கோஸும் நாயரும் 1976-இல் வைத்த பெர்னா இண்டிகா என்ற பெயர், இன்று பெர்னா பெர்னாவின் ஒத்தபெயராகக் கொள்ளப்படுகிறது. உண்ணும் ஆளியின் (ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பி) பழைய பெயரான கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் (பிரெஸ்டன், 1916), ரோடிங் 1798-இல் வைத்த பைலினியாட்டாவுக்குள் போய்விட்டது. "இந்தியா", "மெட்ராஸ்" என்று பெயரில் இருப்பதாலேயே உள்ளூர்ச் சிற்றினம் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு.

7. சிற்றினச் சொல்லின் பால் சரிபாருங்கள்

சிற்றினச் சொல் லத்தீன் பெயரடையாக இருந்தால், பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அதன் ஈறு மாற வேண்டும். லின்னேயஸ் 1758-இல் எழுதியது மைட்டிலஸ் மார்கரிட்டிஃபெரஸ், மைட்டிலஸ் ஆண்பால். பிங்க்டாடா பெண்பால் என்பதால் அங்கே வந்ததும் மார்கரிட்டிஃபெரா ஆயிற்று. ஆனால் மைட்டிலஸ் விரிடிஸ், பெர்னா விரிடிஸ் ஆனபோது ஒன்றும் மாறவில்லை. அந்த ஈறு இரு பாலுக்கும் பொது.

ஒருவர் பெயரிலிருந்து வந்த சொற்கள் மாறாது. செம்னிட்சியை எந்தப் பேரினத்துக்குப் போனாலும் செம்னிட்சியைதான். லத்தீன் எழுத்துக்கூட்டலைத் தட்டச்சு செய்யாமல் தரவுத்தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு.

8. இப்போது ஏணியில் ஏற்றுங்கள்

மொலஸ்காபேஸ் முறையில் முத்துச்சிப்பியின் இடம் இது:

தொகுதி: மொலஸ்கா (மெல்லுடலிகள்)
வகுப்பு: பைவால்வியா
துணைவகுப்பு: ஆட்டோபிராங்கியா
கீழ்வகுப்பு: டெரியோமார்ஃபியா
வரிசை: ஆஸ்ட்ரெய்டா
பெருங்குடும்பம்: டெரியாய்டியா
குடும்பம்: மார்கரிட்டிடே
பேரினம்: பிங்க்டாடா

கல்லூரிப் பாடநூலில் டெரியாய்டா வரிசை, டெரியிடே குடும்பம் என்று படித்திருப்பீர்கள். இன்னும் பழைய நூல்களில் வகுப்பின் பெயரே பெலிசிபோடா அல்லது லாமெல்லிபிராங்கியா. அவை அந்தந்தக் காலத்து வகைப்பாடுகள். ஒன்றிலிருந்து வரிசையையும் இன்னொன்றிலிருந்து குடும்பத்தையும் எடுத்துக் கோப்பதுதான் பிழை. எந்த முறையைப் பின்பற்றுகிறீர்களோ, மேலிருந்து கீழ்வரை அதையே பின்பற்றி, முறையின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதுங்கள். தரவுத்தளம் மாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத மேற்கோளைச் சரிபார்க்க முடியாது.

பெயரிடல் சட்டம் பெருங்குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. வரிசைக்கும் வகுப்புக்கும் முன்னுரிமை விதி இல்லை. மேல்படிகளில் நூலுக்கு நூல் பெயர் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈறுகளையும் கவனியுங்கள்: பெருங்குடும்பம் "ஆய்டியா" என்று முடியும், குடும்பம் "இடே", துணைக்குடும்பம் "இனே". பழைய வரிசையான டெரியாய்டாவும் பெருங்குடும்பமான டெரியாய்டியாவும் ஒரே எழுத்தில்தான் வேறுபடுகின்றன. அட்டவணையில் மாறி விழும் இடம் இதுதான். மார்கரிட்டிடே என்ற இந்தக் கடல் குடும்பத்தையும் மார்கரிட்டிஃபெரிடே என்ற நன்னீர்க் குடும்பத்தையும் மாற்றி எழுதுவது அடுத்த இடம்.

பேரினத்திலும் கருத்து வேறுபாடு வரலாம். பசிபிக் ஆளிகளை மகல்லானா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றலாம் என்று 2016-இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்தபோது, கிராசோஸ்ட்ரியாவே தொடரட்டும் என்று சிப்பி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 2017-இல் மறுப்பு எழுதினார்கள். என் யோசனை: மாணவர்கள் தரவுத்தளம் ஏற்ற பேரினத்தை எழுதி, பழையதை ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆய்வேட்டின் நோக்கம் அந்த வழக்கைத் தீர்ப்பதல்லவே.

9. மரபணுச் சான்று எப்போது, எவ்வளவு

ஓட்டில் தீராத சந்தேகம் இருந்தால் மட்டும் போதும். வழக்கமாகப் படிக்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்து நீளப் பகுதி. டிஎன்ஏ எழுத்துவரிசைகளின் இணையத் தரவுத்தளமான ஜென்பேங்கில் ஒப்பிடும்போது, முதலில் வரும் பெயரே விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பெயரைக் கொடுத்தவர் பதிவேற்றியவர்தான்; தவறாக அடையாளம் கண்ட மாதிரிகளும் உள்ளே கிடக்கின்றன. முத்துச்சிப்பிக் குழுவில் ஒரே டிஎன்ஏ எழுத்துவரிசை ஃபுகாட்டா, இம்ப்ரிகாட்டா, ராடியாட்டா என்று மூன்று பெயரிலும் ஒத்துவரலாம். அது உயிரியல் முரண்பாடாக இல்லாமல், ஆறாம் படியில் பார்த்த பெயர்க் குழப்பத்தின் எதிரொலியாகவே இருக்கக்கூடும். எந்த நாட்டு மாதிரி, யார் அடையாளம் கண்டது, மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

10. எழுதும் முறை

முதல் குறிப்பில் முழுப்பெயர், ஆசிரியர், ஆண்டு. அடுத்த முறையிலிருந்து பேரினத்தின் முதலெழுத்து போதும். பேரினமும் சிற்றினமும் சாய்வெழுத்தில்; ஆசிரியர் பெயரும் குடும்பப் பெயரும் நேர் எழுத்தில். லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது. சிற்றினச் சொல் ஊர்ப் பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். சிற்றினச் சொல்லுக்கும் ஆசிரியர் பெயருக்கும் இடையில் காற்புள்ளி வராது. ஆசிரியருக்கும் ஆண்டுக்கும் இடையில் வரும்.

சிற்றினம் உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்தி, "சிற்றினம் உறுதியாகவில்லை" என்பதற்கான வழக்கமான சுருக்கக்குறியைப் (sp.) போடுங்கள். ஓரளவு பொருந்துகிறது, ஆனால் மாதிரி தேய்ந்திருக்கிறது என்றால் "ஒப்பிடுக" என்ற குறி (cf.). தேர்வாளர்கள் இதைக் குறையாக நினைப்பார்கள் என்ற பயத்தில் துணிந்து ஒரு சிற்றினப் பெயரை எழுதிவிடுபவர்கள் அதிகம். பேரினத்தோடு நின்ற பதிவை வேறொருவர் நிறைவு செய்யலாம். தவறான சிற்றினப் பதிவு பட்டியலிலிருந்து பட்டியலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

11. மாதிரியை வைப்பது

எண் கொடுத்து, முடிந்தால் அருங்காட்சியகத்திலோ கல்லூரித் தொகுப்பிலோ சேர்த்து, அந்த எண்ணைக் கட்டுரையிலும் எழுதுங்கள். பின்னாளில் பெயர் மாறினால் புதிய லேபிளைப் பழைய லேபிளின் பக்கத்தில் வையுங்கள். பழையதைக் கிழிக்கவோ திருத்தவோ வேண்டாம். புதிய லேபிளில் அடையாளம் கண்டவர் பெயர், தேதி, எந்த அடையாளத்தின் பேரில் மாற்றினார் என்ற ஒரு வரி ஆகியவை இருந்தால் போதும்.